ஒன்பதாவது கட்டத்துல பூஜ்யம் போடுங்க

அந்த ஒன்பதாவது கட்டத்துல கோடு போடக் கூடாதுங்க. பூஜ்யம்தான் போடணும். கோடு போட்டீங்கன்னா 'விவரம் நிரப்பப்படவில்லை'ன்னு எழுதித் திருப்பி அனுப்பிருவாங்க. எனக்கு மொதத் தடவை அப்படித்தான் ஆச்சு.

தப்பா எடுத்துக்காதீங்க, எட்டிப் பாத்துட்டேன். காந்திபுரத்துல பஸ் எடுத்ததுல இருந்து மடியில ஃபைலைத் தொறந்து வச்சுட்டு அந்த ஒத்தக் கட்டத்தையே பாத்துட்டு வர்றீங்க. நீலாம்பூர் தாண்டியாச்சு. அந்த மஞ்சக் காயிதம் நமக்கு நல்லாத் தெரியுமுங்க. சிறுதொழில் பாதுகாப்பு விருது. 'கடந்த மூன்றாண்டுகளில் நிகழ்ந்த விபத்துகள்.' நான் அதை ரெண்டு தடவை நெரப்புனவன். ரெண்டு தடவையும் வாங்குனவன்.

நீங்க மாட்டுத்தீவன ஆலைங்களா? பெருந்துறையா? நல்லதாப் போச்சு. பெருந்துறை போறதுக்கு இன்னும் நேரம் கெடக்குது. ஒரு வார்த்தை சொல்றேன் கேளுங்க, உங்களுக்கும் உபயோகமா இருக்கும்.

நான் கொழந்தைவேலுங்க. ஆவாரம்பாளையத்துல பிரஸ் பட்டறை. மோட்டாருக்குப் பொறத்தால ஃபேனை மூடியிருக்கற தகர மூடி இருக்குதல்லங்க, அதை அடிக்கிறோம். எட்டு மெஷினு, இருவத்திரெண்டு ஆளு.

இந்தக் கையா? ஒன்னுமில்லீங்க. துண்டு சும்மா போட்டிருக்கறது. ஈரோட்டுல ஒரு டாக்டர்கிட்ட கட்டு மாத்தப் போறேன். கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்னு கேப்பீங்க. தெருவுக்கு ரெண்டு இருக்குது. கார் இல்லையான்னும் கேப்பீங்க. இருக்குது. ஆனா காருக்குப் பொறத்தாலக் கண்ணாடியில 'விருது பெற்ற விபத்தில்லா நிறுவனம்'னு இம்மாம்பெரிய எழுத்துல ஒட்டி வச்சிருக்கேன். அந்தக் காரைக் கொண்டுபோய் எந்த ஆஸ்பத்திரி வாசல்லங்க நிறுத்தறது?

மொதல்ல இருந்து சொல்றேன்.

நம்ம மெஷின்ல ரெண்டு பட்டன் வச்சேன். இந்தப் பக்கம் ஒன்னு, அந்தப் பக்கம் ஒன்னு. ரெண்டையும் ஒரே நேரத்துல ரெண்டு கையால அமுக்குனாத்தான் மேல இருக்கற அச்சு எறங்கும். ரெண்டு கையும் பட்டன் மேல இருக்கறப்ப உள்ளார எந்தக் கைங்க இருக்கும்? இதை நான் சென்னையில மேடையில கேட்டேன். கேட்டுட்டு அஞ்சு எண்ணற வரைக்கும் சும்மா நின்னேன். அப்புறம்தான் கை தட்டுனாங்க. எப்பப் பேசறதுங்கறதை விட எப்ப நிறுத்தறதுங்கறதுதான் முக்கியம். அது எனக்குச் சின்ன வயசுல இருந்தே வரும். ஒருத்தரை ஒருக்காப் பாத்தாப் போதும், அவரு மாதிரியே பேசிருவேன்.

விருது வந்துச்சு. வந்ததும் ஊரே வேற மாதிரி ஆயிப்போச்சுங்க. அதுவரைக்கும் என்னை வெளிய பெஞ்சுல உக்கார வச்ச பேங்க் மேனேஜரு எந்திரிச்சு நின்னு கை குடுத்தாரு. பெரிய மோட்டார் கம்பெனியில இருந்து பர்ச்சேஸ் ஆபீசரே பட்டறையத் தேடி வந்தாரு. ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால தொண்டையைக் கனைப்பாரு, க்கும். 'மிஸ்டர் கொழந்தைவேல், க்கும், விருது வாங்கின யூனிட்டுக்கு மட்டும்தான் இனிமே ஆர்டர். க்கும். அது எங்க பாலிசி.' கண்ணை மூடிட்டுக் கேளுங்க, அவரேதான். இதை நான் டீ நேரத்துல பேசிக் காட்டுனா நம்ம பட்டறைப் பொம்பளைங்க வவுத்தைப் புடிச்சுட்டுச் சிரிப்பாங்க.

ஆர்டர் வந்துருச்சு. இப்ப ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால அமுக்கி, அப்புறம் தகடு மாத்தி, மறுக்கா ரெண்டு கையால அமுக்குனா, ஒரு ஷிஃப்டுக்கு நானூத்தம்பது மூடிதான் விழுகும். அவங்களுக்கு வேணும் எண்ணூறு.

என்ன பண்றதுங்க. எடது பட்டனை அமுக்கிப் புடிச்சு, பக்கத்துச் சந்துல ஒரு மர ஆப்பைச் சொருகிட்டா அது அமுங்குனபடியே நின்னுக்கும். அப்புறம் வலது பட்டன் ஒன்னை அமுக்குனாப் போதும், அச்சு எறங்கிரும். எடது கை தகடைத் தள்ளறதுக்கு சும்மா கெடைக்கும். எல்லாப் பட்டறையிலயும் பண்றதுதான். ஆனா அவங்க கண்டதையும் சொருகுவாங்க. நான் அப்படி விடலை. வேப்பங்கட்டையில நானே உக்காந்து செதுக்குனேன். எட்டு மெஷினுக்கு எட்டு ஆப்பு. எல்லாத்துக்கும் செவப்புப் பெயின்ட் அடிச்சேன். எதுக்குச் செவப்புன்னா, பாதுகாப்புக்குத்தான். யாராவது வந்தாங்கன்னா பளிச்சுனு கண்ணுக்குத் தெரியணும், எடுத்துரலாம்.

அதுக்கும் ஒரு முறை வச்சிருந்தேன். கேட்ல பெல்லு ரெண்டு தடவை அடிச்சா வெளியாளு வந்திருக்குதுன்னு அர்த்தம். எட்டு ஆப்பும் பிஸ்கட் டப்பாவுக்குள்ள வந்துரணும். நானே எண்ணிப் பாத்து மூடி போடுவேன். ஒரு நாளும் தப்புனதில்லை.

பெல்லு அடிக்கறது நம்ம பொன்னுரங்கம். கேட்ல உக்காந்திருப்பான். மின்ன மூணாம் மெஷின்ல ஓடிட்டிருந்தான், நல்ல வேலைக்காரன். போன வருஷம் ஒரு சின்னச் சங்கடம் ஆயிப்போச்சு, எடது கையில ரெண்டு விரலு. தோட்டத்துல கெணத்து மோட்டார் பெல்ட்டுல மாட்டிக்கிச்சுன்னு சொன்னோம். வேற வழியில்லீங்க. நான் அவனைக் கைவிடலை. ஆஸ்பத்திரிச் செலவு பூராம் என்னோடது, கேட்ல வேலை, உக்கார நாற்காலி, தலைக்கு மேல ஃபேனு. எவன் பண்ணுவான் சொல்லுங்க.

கேட்டுக்குப் பக்கத்துல பெரிய போர்டு ஒன்னு வச்சிருக்கோம். 'விபத்தில்லா நாட்கள்.' கீழ ஆணியில நம்பர்த் தகடு தொங்கும். தெனமும் காலையில அதை மாத்தி மாட்டறதும் பொன்னுரங்கந்தான். மீதி மூணு விரல்லயே என்ன நேக்கா மாட்டுவாங்கறீங்க.

இன்னிக்கு நம்பரு தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு. வெள்ளிக்கெழமை ஆயிரம். ஆயிரம் நாளுக்குன்னு தனியா ஒரு சிறப்பு விருது குடுக்கறாங்க. மாவட்டத்துலயே ஒரு பட்டறைக்குத்தான். அது நம்முளுது.

சரி, கைக்கு வர்றேன்.

விருது வாங்குனவன் பட்டறையை எல்லாரும் வந்து பாப்பாங்க. காலேஜ் பசங்க வருவாங்க, வெளியூர்ச் சங்கத்துக்காரங்க வருவாங்க, வாரத்துக்கு ஒரு கூட்டம். வந்தவங்களுக்கு நான் ஒரு வெளையாட்டுக் காட்டுவேன். மூணாம் மெஷின்கிட்ட நிப்பேன். இன்ஸ்பெக்டர் மாதிரி பேசுவேன், பர்ச்சேஸ் ஆபீசர் மாதிரி கனைப்பேன், நல்லாச் சிரிக்க வச்சுட்டு, எடது கையை நேரா அச்சுக்குக் கீழ விட்டுருவேன். மணிக்கட்டு வரைக்கும். வலது கையால ஒத்தப் பட்டனை அமுக்கிட்டு 'ஐயோ'ன்னு ஒரு கத்துக் கத்துவேன். எல்லாரும் பதறிப் போவாங்க. ரெண்டு எண்ணு விட்டு, கையை வெளிய எடுத்து அஞ்சு வெரலையும் விரிச்சு ஆட்டிக் காட்டுவேன். 'பாத்தீங்களா, ஒத்தக் கையில அமுக்குனா ஓடாது.' சிரிப்பும் கைதட்டலும் கூரையில மோதும். இதுவரைக்கும் நாப்பது தடவைக்கு மேல பண்ணியிருப்பேன்.

போன வாரத்துக்கு மொத வாரம், வெள்ளிக்கெழமை. நம்பரு தொள்ளாயிரத்து எம்பத்தாறு. ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல இருந்து முப்பது பசங்க, ஒரு புரொபசர். பெல்லு ரெண்டு அடிச்சுது. டப்பாவுல எண்ணுனேன், எட்டு. மூடி போட்டேன். புரொபசர் எனக்குப் பொன்னாடை போத்துனாரு. பச்சைச் சரிகை, நல்ல அகலம், தோள்ல நிக்க மாட்டேங்குது, வழுக்குது.

மெஷின்கிட்டப் போய் ஆரம்பிச்சேன். பசங்க அத்தனை பேரும் போனைத் தூக்கிப் புடிச்சுட்டாங்க. நல்லா ஏறி வருது. அந்த நேரம் பாத்து மூணாம் மெஷின் தனபாக்கியம் குறுக்க வந்து, 'அண்ணா, ஒரு நிமிசம்'ங்கறா. நான் விடலை. அவ எப்பவும் முந்தானையைத் திருகிட்டே தலையைக் குனிஞ்சு பேசுவா. அதே மாதிரி பொன்னாடையைத் திருகிட்டு, 'அண்ணா, ஒரு நிமிசம்'னேன். பசங்க விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. அவ மறுக்கா, 'இல்லீங்கண்ணா, அந்தப் பட்டன்ல'ங்கறா. நானும், 'இல்லீங்கண்ணா, அந்தப் பட்டன்ல.' அவ மூஞ்சி செவந்து போய் பின்னால போயிட்டா.

எட்டு ஆப்பு டப்பாவுல இருந்துதுங்க. நான் எண்ணுனது தப்பில்லை. ஒன்பதாவது ஒன்னு இருந்திருக்குது. அவ மெஷினோட செவப்பு ஆப்பு தேஞ்சு லொடலொடன்னு ஆயி, மூடி கொறைஞ்சுதுன்னு நான் மொத நாளு சத்தம் போட்டிருக்கேன். அவளே ஒரு கொட்டாங்குச்சித் துண்டை ஒடச்சுச் சொருகி, அது மேலயே எம்பட ஆப்பையும் பேருக்கு வச்சிருக்கா. செவப்பை எடுத்துக் குடுத்துட்டா, கொட்டாங்குச்சி உள்ளாரயே மாட்டிக்கிச்சு. பழுப்பு நெறம், மெஷினோட அழுக்கும் அதே நெறம். எங்கிருந்து தெரியும்.

பொன்னாடை அந்த நேரத்துல வழுக்கி விழப் பாத்துச்சு. அதை எடது முழங்கையில இடுக்கிட்டு, ரெண்டு விரலை மட்டும் அச்சுக்குக் கீழ வச்சேன். மணிக்கட்டு வரைக்கும் விட்டிருந்தா இந்நேரம் உங்களோட பேசிட்டிருக்க மாட்டேன். அந்தப் பொன்னாடைதான் காப்பாத்துச்சுன்னு சொல்லணும்.

வலது பட்டனை அமுக்குனேன்.

கத்துனேன்.

பசங்க சிரிச்சாங்க. முப்பது பேரும். புரொபசரு கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு. எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியறதுக்குள்ள எம்பட கை தானாப் பொன்னாடைக்குள்ளாரப் போயிருச்சு. சுத்திக்கிட்டேன். அப்புறம் வலது கையைத் தூக்கி அஞ்சு வெரலையும் விரிச்சு ஆட்டுனேன். எந்தக் கையின்னு ஒருத்தனும் பாக்கலை. கைதட்டுனாங்க பாருங்க, நாப்பது தடவையில அந்த மாதிரி ஒரு கைதட்டல் நான் வாங்குனதே இல்லை.

வரிசையா நின்னு போட்டோ எடுத்தாங்க. நான் நடுவுல. பொன்னாடை நல்லாத் தடிப்பா இருந்துது, அதனால ரத்தம் ஒழுகலை. கேட் வரைக்கும் போய் பஸ் ஏத்தி விட்டு டாட்டா காட்டுனேன். பஸ் திரும்புனதும் அங்கயே உக்காந்துட்டேன். பொன்னுரங்கம் எந்திரிச்சு வந்தான். பொன்னாடையப் பாத்தான். என்னைப் பாத்தான். ரொம்ப மரியாதையாத்தான் கேட்டான்.

'கெணத்து மோட்டார்னே சொல்லீரலாமுங்களா மொதலாளி, இல்ல வேற ஏதாச்சுமா?'

குத்திக் கேட்டானா, நெசமாக் கேட்டானா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. எனக்குக் கெணறே இல்லீங்க. அப்பார்ட்மென்ட்டுல மூணாவது மாடி. வீட்டுல காரு கதவுல நசுங்கிருச்சுன்னு சொல்லியிருக்கேன். எம்பட சம்சாரம் அன்னிக்கே எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்து காருக்குச் சுத்திப் போட்டா. நடுவிரல்ல மேல் கணு போயிருச்சு. மோதிர விரல்ல நகமும் கொஞ்சம் சதையும். பொழச்சுக்கும்னு ஈரோட்டு டாக்டர் சொல்றாரு. எப்படி ஆச்சுன்னு அவரும் கேட்டாரு. காரு கதவுன்னேன். 'எந்தக் காருங்க அது'ன்னுட்டு எழுதிக்கிட்டாரு.

நெசத்தைச் சொல்லீட்டுப் போயிரலாமேன்னு பாக்கறீங்க. உங்க மூஞ்சியில தெரியுது. சொல்லலாம். சொன்னா அன்னிக்கே போர்டுல பூஜ்யம். விருது போச்சு. 'க்கும், பாலிசி', ஆர்டர் போச்சு. அந்த ஆர்டரை நம்பித்தான் ரெண்டு மெஷின் புதுசா எறக்கி ஆறு பேரைச் சேத்தேன். அப்புறம், எப்ப இருந்து இப்படின்னு கேப்பாங்க. பொன்னுரங்கத்துக் கதை வெளிய வரும். ரெண்டு தடவை அந்தக் கட்டத்துல பூஜ்யம் போட்டுக் கீழ கையெழுத்துப் போட்டவன் நானு. ஒரு தடவை வாங்கீட்டா அப்புறம் வாங்கிட்டேதாங்க இருக்கோணும். நடுவுல எறங்கறதுக்கு ஸ்டாப்பே இல்லை.

தனபாக்கியத்தை ஒன்னும் சொல்லலை. ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கறதில்லை. இப்பவும் ஆப்பு இருக்குது, எண்ணூறு வேணுமில்லங்க. ஆனா இப்ப ஒன்பது வரைக்கும் எண்ணறேன்.

இதோட நின்னிருந்தாக் கூடப் பரவாயில்லை. அந்தப் பசங்கள்ல ஒருத்தன் நான் கத்துனதை வீடியோ எடுத்துப் போட்டுட்டான். ஊரு பூராம் சுத்துது. எங்க பெரியம்மா பேரன் சிங்கப்பூர்ல இருந்து கூப்புட்டுச் சிரிக்கறான். விருது ஆபீஸ்ல இருந்தும் போன். அந்த ஆபீசரு மூக்காலதான் பேசுவாரு: 'சார், வீடியோ பாத்தோம் சார். மேலிடத்துலயும் பாத்துட்டாங்க சார். வெள்ளிக்கெழமை மேடையில ரெண்டே நிமிசம் சார். தெர்மாகோல்ல ஒரு மெஷின் பண்ணச் சொல்லிட்டோம். அந்தக் கத்தல் மட்டும் அப்படியே வேணும் சார், அதுதான் ஹைலைட்டு.'

கைக்கு வழி பண்ணிட்டேன். பாதுகாப்பு விருதுதானே, ரெண்டு கைக்கும் பெரிய கையுறை மாட்டிட்டுப் போறேன். அதுக்கும் பாராட்டுவாங்க. ஷீல்டு ரெண்டு கையாலதான் வாங்கோணும், வலியத் தாங்கிக்கலாம். நடுவிரலுக்குப் பஞ்சு வச்சு அடைச்சாச்சு. சிக்கல் அதுல இல்லை.

கத்தல் வர மாட்டேங்குதுங்க.

சிரிக்காதீங்க. நான் யாரை மாதிரி வேணாப் பேசுவேன். செத்துப்போன எங்க தலைமை வாத்தியார் இப்ப வேணுமா, தர்றேன். ஆனா வீடியோவுல நான் கத்துனது எனக்கு வர மாட்டேங்குது. பழைய 'ஐயோ' வருது. நாப்பது தடவை கத்துன கத்து. அது இதில்லை. இது வேற. சின்னதா, உள்ளுக்குள்ள இழுத்த மாதிரி, பாதியில அறுந்து போகுது. குளிக்கற ரூம்ல கொழாயத் தொறந்து விட்டுட்டுக் கத்திப் பாத்தேன். எம்பட சம்சாரம் கதவைத் தட்டி, மறுக்காக் கார்ல மாட்டீட்டீங்களாங்கறா.

நேத்து மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போனப்ப, பொன்னுரங்கத்தைக் குடோனுக்குக் கூட்டிட்டுப் போனேன். அவன் அன்னிக்குக் கேட்ல இருந்து என் கத்தலைக் கேட்டவன். சரியா வருதான்னு சொல்லுன்னு கத்திக் காட்டுனேன்.

'இல்லீங்க மொதலாளி. நீளமாப் போகுதுங்க'ன்னான்.

கொறைச்சுக் கத்துனேன். 'இல்லீங்க.' மூச்சை இழுத்துட்டுக் கத்துனேன். 'இல்லீங்க, இது நாடகமாட்டம் இருக்குதுங்க.' எனக்குக் கோவம் வந்துருச்சு. எனக்கே இவன் சொல்லிக் குடுக்கறானான்னு. 'சரிடா, நீ அன்னிக்கு எப்படிக் கத்துன, அதைக் காட்டு. நான் பாத்துப் புடிச்சுக்கறேன்'னேன்.

போய்க் குடோன் கதவைச் சாத்திட்டு வந்தான். அப்புறம், 'நான் கத்தலீங்களே'ன்னான்.

ரெண்டு விரல் போறப்ப எப்படிரா கத்தாம இருக்க முடியும்னேன்.

'ஆபீஸ் ரூம்ல கம்பெனிக்காரங்க காப்பி குடிச்சுட்டிருந்தாங்க. நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து பாத்துட்டீங்க. எனக்கு வாய் தொறந்துருச்சு. நீங்க இப்படிக் காட்டுனீங்க.'

காட்டுனான். ஆள்காட்டி விரலை ஒதட்டுல வச்சு. எடது கையில அந்த விரல் அவனுக்கு இல்லை, வலது கையில காட்டுனான். தலையைக் கொஞ்சம் சாச்சு, ஒத்தப் புருவத்தைத் தூக்கி, ஓரமாச் சிரிச்சுட்டே. அச்சு அசல் நானேதாங்க. நாப்பது வருஷமா நான் எல்லாரை மாதிரியும் பண்ணிட்டிருக்கேன், என்னைய மாதிரி ஒருத்தன் பண்ணி அன்னிக்குத்தான் பாத்தேன். எத்தனை நாளா வச்சிருந்தானோ.

எனக்கு ஞாபகம் இல்லீங்க. சத்தியமா ஞாபகம் இல்லை. காட்டியிருப்பேனா இருக்கும். வந்தவங்க இருக்கறப்ப வேற என்னத்தைங்க பண்றது.

இன்னிக்குக் காலையில கெளம்பறப்ப தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழாம் தகடைக் கையில வச்சுட்டு போர்டுகிட்ட நின்னுட்டிருந்தான். மின்னெல்லாம் நான் வர்றதுக்கு முன்னாலயே மாட்டிருவான். இந்தப் பதினோரு நாளா மாட்டறதில்லை. நான் வந்து தலையாட்டுனாத்தான் மாட்டறான். அதுவரைக்கும் வெய்யில்லயே நிக்கறான். நானும் தலையாட்டிட்டுப் பஸ் ஏற வந்துட்டேன்.

பெருந்துறை வந்துருச்சுங்க. பைபாஸ்ல நிறுத்துவான், பாத்து எறங்குங்க. ஃபைலை மூடாதீங்க, அந்தக் கட்டம் இன்னும் காலியாத்தான் இருக்குது. ஒரு பூஜ்யம் போட எவ்வளவு நேரமாகும். பேனாவைக் குடுங்க, வலது கை நல்லாத்தான் இருக்குது, நானே போட்டுத் தர்றேன்.

வேண்டாமா?

ஏனுங்க, காந்திபுரத்துல இருந்து அந்த ஒரு கட்டத்தை மட்டும் எதுக்குப் பாத்துட்டே வந்தீங்கன்னு இப்பத்தான் எனக்கு ஒறைக்குது.

யாருக்குங்க? எந்தக் கை?